நடுவில் ஒரு தெரு

சக்கரம் அந்த மாடி அறையை விட்டு வெளியேறியது ஒரு திங்கட்கிழமை காலையில். விடிய விடியப் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஒரு கையில் கறுப்பு அங்கி, மறு கையில் புத்தகப் பை, கக்கத்தில் குடை. அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவர் பெரியவர். அவளுக்கு வக்கீல் தொழிலைக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான், சற்று முன்னால் “நீ வெளியே போயிடணும்” என்று சொன்னவரும் அவர்தான்.

“போயிட்டு வரேன் சார்.”

“வரேன்னு சொல்லாதே. வழக்கு முடியற வரைக்கும் நீ இந்தப் படி ஏறக்கூடாது. போறேன்னு சொல்லு.”

“யாராவது போறேன்னு சொல்லிட்டுப் போவாங்களா சார்?”

பெரியவர் யோசித்தார். எதையும் இரண்டு பக்கமும் புரட்டிப் பார்க்காமல் அவரால் விட முடியாது.

“சரி, வரேன்னே சொல்லு. ஆனா வராதே. கடைசிப் படி வழுக்கும், பாத்து இறங்கு.”

சக்கரம் என்ற பெயர் அவர் வைத்தது. சட்டம் படித்து முடித்த கையோடு ஒரு தோள்பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவள் அவள். ஒரு துறைமுகத்தில் மொழிபெயர்த்தாள். மலையடிவார விடுதி ஒன்றில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தாள். ஏதோ ஒரு தீவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னாள். எங்கும் கால் பாவாமல் ஒருநாள் திரும்பி வந்து இவர் எதிரில் நின்றாள். அவள் கதையைக் கேட்டுவிட்டுப் பெரியவர், “கால்ல சக்கரம் இருக்கு. இருக்கட்டும், தப்பில்ல. அச்சாணி இருக்கான்னுதான் பாக்கணும்” என்றார். பாதி அவமானமும் பாதிச் சிரிப்புமாக அவள் அங்கேயே தங்கிவிட்டாள். ஒரு மாதம் பார்க்கலாம் என்று வந்தவள், வருஷங்கள் போனதைக் கவனிக்கவில்லை.

அவளைத் தங்க வைத்தது அந்த அறையிலிருந்த இரண்டு நாற்காலிகள்.

தெருவைப் பார்த்த ஜன்னல், சுவரை மறைத்த புத்தக அலமாரி, சுற்றும்போது தலையாட்டும் மின்விசிறி, இவை எல்லா வக்கீல் அறையிலும் உண்டு. பெரியவர் மேசைக்கு முன்னால் ஒரே மரத்தில், ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலிகள் இருந்தன. வலது பக்கத்து நாற்காலி கட்சிக்காரருக்கு. இடது பக்கத்து நாற்காலி, அங்கே வராத எதிராளிக்கு. வந்தவர் வலது பக்கம் உட்கார்ந்து தன் கதையை மூச்சு வாங்கும் வரை சொல்லலாம். பெரியவர் குறுக்கே பேசமாட்டார். முடிந்ததும் தண்ணீர் கொடுத்துவிட்டு, “இப்ப எழுந்து அந்த நாற்காலிக்கு மாறுங்க. இப்போ நீங்கதான் அவரு. அவரு பக்கத்தைச் சொல்லுங்க” என்பார்.

ஒரு முறை அண்ணன் ஒருவர் வந்தார். மேல் வீட்டில் தம்பி, கீழ் வீட்டில் இவர். மாடிப்படி யாருடையது என்று சண்டை. தம்பியின் நாற்காலிக்கு மாறியதும் முதலில் தடுமாறினார். பிறகு மெல்லச் சூடு பிடித்தது. “எங்க அண்ணன் இருக்கானே, எனக்குக் காய்ச்சல்னு தெரிஞ்சும் ஒரு எட்டு மேல ஏறி வந்து பாக்கல. அப்பா போன அன்னைக்கே சாவிக்கொத்தை எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டவன்தானே அவன்...” என்று பேசிக்கொண்டே போனவர், சட்டென்று நிறுத்தினார். அந்த வழக்கு கோர்ட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இன்னொருவர் மனைவியிடமிருந்து பிரிய வேண்டுமென்று வந்தார். மனைவியின் நாற்காலியில் உட்கார்ந்து தன்னைத் தானே வெளுத்து வாங்கினார். கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஏன் சார், இந்த ஆளோட அவ எப்படி சார் இத்தனை நாள் குடித்தனம் பண்ணினா?” என்று கேட்டார்.

வந்த வழக்குகளில் பாதி அந்த இடது நாற்காலியிலேயே முடிந்துபோயின. “இவரை மாதிரி இன்னும் நாலு பேர் இருந்தா, நாமெல்லாம் கோர்ட்டுக்குப் பூட்டு போட்டுட்டு வீட்டுல குப்புறப் படுத்துக்கலாம்” என்று மற்ற வக்கீல்கள் அலுத்துக்கொள்வார்கள். ‘மறுபக்கம்’ என்று அவருக்குப் பட்டப்பெயரும் வைத்தார்கள். ஆனால் நாற்காலியில் முடியாத வழக்கோடு மறுபக்கம் கோர்ட்டுக்குள் நுழைந்தால் அதே வாய்கள் மூடிக்கொள்ளும். எதிராளி என்ன சொல்லப்போகிறார் என்பது எதிராளிக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கும். குரலை உயர்த்தமாட்டார். கூண்டில் நிற்பவர் திருடினவராக இருந்தாலும் “நீங்க, வாங்க, சொல்லுங்க”தான். “திருட்டுக்குத் தண்டனை உண்டு. மரியாதையையும் பிடுங்கிக்கணும்னு சட்டத்துல எங்க போட்டிருக்கு?” என்பார்.

நாற்காலி யோசனை எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு கதைகள் இருந்தன. தன் முதல் வழக்கில் எதிர்த்தரப்பு ஒரே ஒரு கேள்வி கேட்டதில் தன் வாதம் மொத்தமும் சீட்டுக்கட்டாகச் சரிந்ததாகப் பெரியவர் சொல்வார். அவர் மனைவி, எல்லா ஜூனியர்களுக்கும் அவர் அத்தை, இதைக் கேட்டால் சிரிப்பார்.

“பொய். கல்யாணமான புதுசுல ஒருநாள் சண்டை. நீங்க கொஞ்சம் அடுக்களையில வந்து உட்காருங்க, நான் முன்னறையில போய்க் கால் மேல கால் போட்டுக்கறேன்னேன். அதைத்தான் ஊருக்கு வித்துக்கிட்டு இருக்காரு. ஊரையெல்லாம் மாத்தி உட்கார வச்சவரு, இன்னைக்கு வரைக்கும் அடுக்களையில வந்து உட்காரல, தெரியுமா?”

பெரியவர் மறுக்கமாட்டார். “சாட்சி நம்பகமான சாட்சி” என்று மட்டும் சொல்லிவிட்டுச் செய்தித்தாளுக்குள் நுழைந்துகொள்வார்.

அவர் அறையில் ஒரு விதி உண்டு. நின்றுகொண்டு வழக்கு கேட்கக்கூடாது. படியில், தெருவில், பஸ்ஸில் யாராவது பிடித்துக்கொண்டால், “மேல வாங்க, உட்கார்ந்து பேசலாம்” என்றுதான் சொல்ல வேண்டும். நின்றுகொண்டு கேட்பது பாதிக் கதை. பாதிக் கதைக்கு வாக்குக் கொடுத்தால் முழு வம்பு.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய சனிக்கிழமை, சக்கரம் அந்த விதியை மீறினாள். பெரியவரின் கறுப்புக் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக் கொண்டுவந்த தையலம்மா, படியிலேயே உடைந்து அழுதுவிட்டார். பக்கத்துக் கடை ரொட்டிக்காரர்தான் அவர் கடைக்கும் சொந்தக்காரர். நடுச்சுவரில் விரிசல் விட்டிருக்கிறது, கட்டிடம் ஆபத்து, காலி பண்ணு என்று நோட்டீஸ் அனுப்பியிருந்தார்.

“மெஷினைத் தூக்கிக்கிட்டு நான் எங்க கண்ணு போவேன்? என்கிட்ட வேலை பாக்கற பொண்ணுங்க எங்க போகும்?”

“அழாதீங்க அக்கா. நான் பாத்துக்கறேன்” என்றாள் சக்கரம்.

திங்கட்கிழமை காலை, “சார், நம்ம தையலம்மா ஒரு வழக்கு...” என்று அவள் ஆரம்பித்ததும் பெரியவர் கையை உயர்த்தினார்.

“நிறுத்து. மேல ஒரு வார்த்தை சொல்லாதே.”

அவர் முகம் கறுத்திருந்தது. சனிக்கிழமை மாலை ரொட்டி வாங்கப் போனவரிடம் ரொட்டிக்காரர், கடையைக் காலி செய்யவைக்கும் வழக்கை நடத்தித் தரும்படி கேட்டிருக்கிறார். இளவயதுச் சிநேகிதர். பெரியவரும் சரியென்று தலையாட்டியிருக்கிறார்.

“உட்கார்ந்தா சார்?”

“நின்னுக்கிட்டு” என்றார் பெரியவர், தொண்டையைக் கனைத்து. “கையில ரொட்டிப் பொட்டலத்தோட.”

விதி போட்டவரும் விதி படித்தவளும் ஒரே நாளில் அதைக் கோட்டை விட்டிருந்தார்கள்.

“நான் அக்காவை வேற யார்கிட்டயாவது அனுப்பிடறேன் சார்.”

“பாத்துக்கறேன்னு சொன்னது நீ. வாக்கு என்ன குடையா, வேற ஒருத்தர் கையில கொடுத்து அனுப்ப?” பெரியவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “ரொட்டிக்காரர் சொன்னது உன் காதுல விழல. தையலம்மா சொன்னது என் காதுல விழல. அது அப்படியே இருக்கணும்னா நமக்கு நடுவுல ஒரு சுவர் பத்தாது. ஒரு தெருவாவது வேணும். நீ வெளியே போயிடணும்.”

கோபத்தில் சொல்கிறாரா, நம்பிக்கையில் சொல்கிறாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு தெரு என்றால் அவருக்கு ஒரு தெருதான். எதிர்ச்சாரியில் சைக்கிள் கடைக்கு மேலிருந்த அறையைப் பிடித்தாள். பழைய மேசை ஒன்றும் நாற்காலிகள் இரண்டும் வந்தன. அதில் ஒன்றுக்கு ஒரு கால் குட்டை. உட்கார்ந்தால் தலையாட்டியது. அங்கிருந்து பார்த்தால் பெரியவரின் ஜன்னல் தெரியும், மின்விசிறி தலையாட்டுவது தெரியும். வழியில் எதிர்ப்பட்டால் பெரியவர் வானத்தைப் பார்ப்பார், அவள் செருப்பைப் பார்ப்பாள். அத்தை மட்டும் தெருவின் நடுவில் நின்று, “என்ன, ரெண்டு பேரும் ஏதாவது தொலைச்சிட்டீங்களா?” என்று இரண்டு பக்கமும் கேட்கும்படி கேட்பார்.

அந்த நாட்களில் பெரியவரின் கோட்டு முழங்கையில் கிழிந்தது. அந்தக் கோட்டின் எந்தத் தையலும் தையலம்மா போட்டதுதான். இப்போது அவர் எதிர்க்கட்சி. எதிர்க்கட்சிக்காரரிடம் கோட்டைக் கொடுத்துப் பேச்சுக் கொடுப்பது முறையில்லை. வேறு தையற்காரரிடம் கொடுத்தால் தையலம்மா மனம் நோகும். ஆகவே கிழிந்த முழங்கையோடுதான் கோர்ட்டுக்கு வந்தார். உள்துணி வெள்ளையாக எட்டிப் பார்த்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் சக்கரத்துக்கு நெஞ்சு நிமிரும். ‘இந்த மனுஷர்கிட்டதான் நான் படிச்சேன்’ என்று எதிர்வரிசையில் உட்கார்ந்துகொண்டு நினைத்துக்கொள்வாள்.

விசாரணைக்கு முன் தையலம்மாவை ஆடும் நாற்காலியில் உட்காரவைத்து ரொட்டிக்காரராகப் பேசச் சொன்னாள். தையலம்மா மீசையை முறுக்குவது போல ஒரு பாவனை செய்துவிட்டு, “அந்தப் பொம்பளையோட மெஷின் காலையிலேர்ந்து கடகடன்னு ஓடுது. சுவரு அதிருது. விரிசல் விடாம பூவா பூக்கும்?” என்றார். எதிர்த்தரப்பு அதைத்தான் சொல்லப்போகிறது என்று தெரிந்தது. பதில்தான் இல்லை. அவர் போன பிறகு சக்கரமே அந்த நாற்காலிக்கு மாறினாள். நான் ரொட்டிக்காரன். கண் விழித்ததும் எனக்கு எதைப் பற்றிக் கவலை? வாடகையைப் பற்றி அல்ல, விரிசலைப் பற்றி அல்ல. மாவு. மாவு நமத்துப்போகக் கூடாது, சூடேறக் கூடாது. என் மாவு மூட்டையை நான் எங்கே அடுக்குவேன்? நாற்காலி ஆடியது. அவள் எழுந்து நின்றாள்.

விசாரணை நாளில் கூட்டம் நின்றது. குருவும் சிஷ்யையும் மோதுவதைப் பார்க்க மற்ற கோர்ட்டிலிருந்தெல்லாம் வக்கீல்கள் வந்திருந்தார்கள். ரொட்டிக்காரர் கூண்டில் ஏறி, மீசையை உண்மையாகவே முறுக்கிக்கொண்டு, தையல் மெஷின் அதிர்வால்தான் விரிசல் என்றார். சக்கரம் எழுந்தாள். படபடப்பில் பழக்கம் முந்திக்கொண்டது.

“ஐயா, ஒரு நிமிஷம் நீங்களே தையலம்மாவா இருந்தா...”

“ஆட்சேபணை” என்றது பக்கத்து மேசை.

நீதிபதி கண்ணாடியை இறக்கிக்கொண்டு பெரியவரைப் பார்த்தார். “இது உங்க கேள்வி மாதிரில்ல இருக்கு?”

“என் அறையில கேட்டா அது என் கேள்வி, கனம் நீதிபதி அவர்களே. இங்க கேட்டா அது ஊகம். சாட்சி தனக்குத் தெரிஞ்சதைத்தான் சொல்லணும்.”

ஆட்சேபணை ஏற்கப்பட்டது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சக்கரத்துக்குக் காது சிவந்தது. பெரியவர் அவளைப் பார்க்கவில்லை. அவர் இளக்கம் காட்டமாட்டார் என்பது தெளிவானதும், ஆச்சரியமாக, அவளுக்குப் படபடப்பு அடங்கியது.

“ஐயா, மாவு மூட்டை எல்லாம் நடுச்சுவரு ஓரமாத்தானே அடுக்குவீங்க?”

ரொட்டிக்காரர் சிரித்தேவிட்டார். தொழில் தெரியாத சின்னப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கும் சுகம் அவருக்கு. “அங்க வச்சா அனல்ல மாவு கெட்டுப்போயிடும்மா. முன்னாடி அங்கதான் இருந்துச்சு. இப்பல்லாம் எதிர்ப்பக்கம் மாத்திட்டோம்.”

“எப்போலேர்ந்து ஐயா அனல்?”

“புது அடுப்பு கட்டின...” என்றவர் வாயை மூடினார். மூடி என்ன பயன்? குதிரை ஓடிய பிறகு லாயத்தைப் பூட்டிய கதை. அடுப்பு நடுச்சுவரோடு ஒட்டிக் கட்டப்பட்டிருந்ததும், விரிசல் அதற்குப் பிறகுதான் வந்தது என்பதும் அடுத்த சில கேள்விகளில் வெளியே வந்தன. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடை தையலம்மாவுக்கே என்று தீர்ப்பு வந்தது. சுவரைச் செப்பனிட வேண்டியதும் ரொட்டிக்காரர்தான். வராந்தாவில் அவளைக் கடந்து போனபோது பெரியவர் நிற்கவில்லை. “குரல் கடைசிப் பெஞ்சுக்குக் கேக்கல. ஏத்திப் பேசணும்” என்றார், அவ்வளவுதான்.

அவள் சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கோர்ட் குமாஸ்தா ஒருவர் காதோடு சொல்வது போல ஊருக்கே சொன்னார். “மாவு மூட்டைன்னதும் பெரியவர் கண்ணை மூடிக்கிட்டாரு, நான் பாத்தேன். அடுப்பு சமாச்சாரம் அவருக்குத் தெரியாமலா இருக்கும்? எழுந்து தடுத்திருக்கலாம். வளர்த்த பிள்ளையாச்சேன்னு விட்டுக் கொடுத்துட்டாரு.”

அந்தப் பேச்சு அவளை இரண்டு பக்கமும் அறுத்தது. அது உண்மையானால் அவள் வெற்றி பிச்சை. அதுகூடப் போகட்டும். தன்னை நம்பி வந்த கட்சிக்காரரைக் காட்டிக்கொடுத்தவர் என்று அந்த மனிதர் பேரில் ஒரு கறை விழும். கிழிந்த கோட்டோடு நடந்தவருக்கு, அதுவும் அவளால்.

மேல்முறையீட்டுக் காலம் முடியும் வரை பெரியவர் கோட்டைத் தைக்கக் கொடுக்கவில்லை. முடிந்த மறுநாள் தையலம்மா கடையில் போய் நின்றார். தையலம்மா முழங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏண்ணே, எதிர்க்கட்சின்னா ஊசிகூடவா குத்தக்கூடாது?” என்று திட்டினார். அன்று மாலையே சக்கரம் அந்தப் படியேறினாள்.

“சார், அன்னைக்கு ஏன் கண்ணை மூடிக்கிட்டீங்க?”

“கட்சிக்காரர் விஷயம். உனக்கெதுக்கு?”

“ஊர் என்னென்னமோ பேசுது சார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா...”

“ஊருக்கு வாய் இருக்கு, பேசுது. நமக்கு வாய் இருந்தும் பேசக்கூடாது. அதுக்குப் பேருதான் தொழில்.” எதிர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “உன் நாற்காலியில ஒண்ணு ஆடுதாமே? ஒரு ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டு” என்றார்.

அவள் ஆசாரியைக் கூப்பிடவில்லை. அதே ஆடும் நாற்காலியில் எத்தனையோ பேரை மாற்றி உட்காரவைத்தாள். கால் தினவெடுக்கும்போது தோள்பையை மாட்டிக்கொண்டு எங்காவது போவாள். எதிர் ஜன்னலில் மின்விசிறி தலையாட்டுகிறதா என்று பார்க்கத் திரும்பி வருவாள். எந்த ஊரில் யார் கேட்டாலும் அவர் ஜூனியர் என்றே தன்னைச் சொல்லிக்கொண்டாள். அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஒரு மதியம், சாப்பிட்டுச் சாய்ந்த பெரியவர் எழுந்திருக்கவில்லை. அன்று கோர்ட்டில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். மாடிப்படிச் சண்டை போட்ட அண்ணனும் தம்பியும் ஒரே குடையில் துக்க வீட்டுக்கு வந்தார்கள். அவர் குறுக்கு விசாரணையில் மாட்டிச் சிறைக்குப் போன ஒருவர்கூட வந்து, “என்னை ‘நீங்க’ன்னு கூப்பிட்ட முதல் ஆளு” என்று சொல்லிவிட்டுப் போனார். அறையைக் காலி செய்தபோது அத்தை புத்தகங்களை எல்லாம் சக்கரத்துக்குக் கொடுத்தார். இடது நாற்காலியை மட்டும் அடுக்களைக்குத் தூக்கிப் போனார். “இப்பவாவது வந்து உட்காரட்டும்.”

காலம் ஓடியது. சக்கரத்தின் காதோரம் நரைத்தது. அவளிடமே ஜூனியர்கள் வந்தார்கள். அப்படி ஒரு வேலை நாளின் பிற்பகலில், அவளுடைய போனில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. பின்னணியில் தகரத் தட்டுகள் மோதும் சத்தம். குரலுக்கு வயதாகியிருந்தது.

“வக்கீலம்மா, நான் ரொட்டிக்காரன் பேசறேன். இது பதிவாகுதா என்னன்னு தெரியல, பேத்தி அமுக்கிக் குடுத்துட்டுப் போயிட்டா. நேர்ல வரத்தான் நினைச்சேன், முகத்தை எப்படிக் காட்டறதுன்னு... சரி, சொல்லிடறேன். அந்த வழக்குக்கு முன்னாடி உங்க சார் என்னைத் தையலம்மா நாற்காலியில உட்கார வச்சாரும்மா. ‘சுவத்துக்கு உன் பக்கம் ஏதாவது புதுசா வந்திருக்கா?’ன்னு திரும்பத் திரும்பக் கேட்டாரு. நான் இல்லவே இல்லைன்னேன். சிநேகிதன் சொல்றானேன்னு நம்பிட்டாரு. கூண்டுலேர்ந்து இறங்கி வந்ததும், ‘புது அடுப்பா?’ன்னு ஒரே வார்த்தை. அப்புறம் நான்தான் கத்தினேன், நீ வளர்த்த பொண்ணுக்காக என்னைக் கவுத்துட்டியேன்னு. கோர்ட் குமாஸ்தா காதுல போட்டு ஊர்ல அந்தப் பேச்சைக் கிளப்பினதும் நான்தான். அவரு வாயே திறக்கல. கடைசியா ஒண்ணு சொன்னாரு. ‘நான் உட்கார வச்சும் உன்கிட்டேர்ந்து எடுக்க முடியாததை, நிக்க வச்சு எடுத்துட்டா பாரு. எனக்குத் தோத்துப்போன வருத்தம் ஒரு கண்ணுல, பெருமை ஒரு கண்ணுல. ரெண்டையும் மூடிக்கிட்டேன். இனிமே உனக்கு வழக்குன்னு வந்தா எதிர்த் தெருவுக்குப் போ’ன்னாரு. இப்ப எனக்கும் என் தம்பிக்கும் கடை விஷயமா ஒரு தகராறும்மா. நாளைக்கு வரலாமா? தம்பி நாற்காலியிலதானே முதல்ல உட்காரணும்?”